இலவச இடத்தின் கணக்கு: உடுவில் விடுதிப் பாடசாலையும் இணைய வழங்கிகளும்

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, வலிகாமம் தெற்கில் அமைந்துள்ள உடுவில், 1824ஆம் ஆண்டில் அங்கு தொடங்கப்பட்ட பெண்கள் விடுதிப் பாடசாலையால் கல்வி வரலாற்றில் அறியப்பட்ட ஊராகும். கடல்கடந்த நாட்டில் பணம் திரட்டியோர், அப்பணத்தைப் பெற்று உள்ளூரில் பகிர்ந்த இடைநிலை அமைப்பினர், கட்டணம் செலுத்தாமல் அதன் பயனை அடைந்த குடும்பத்தினர் என்னும் மூன்று தரப்பினரைப் பிணைத்த ஏற்பாடொன்று அவ்வூரில் ஒரு தலைமுறைக்கு மேல் நிலவியது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின்னர் இணையத்தில் தோன்றிய இலவச இடவழங்கல் தொழிலும், அதன் கிளையாக வளர்ந்த இலவச மறுவிற்பனைத் திட்டங்களும், நோக்கத்தில் வேறுபட்டாலும் அமைப்பில் இதே மூன்று தரப்பினரைக் கொண்டவை. ஆகவே, பணம் கொடாமல் பெறும் இணைய இடத்தின் நன்மை தீமைகளை ஆராய முற்படுவோர்க்கு உடுவிலின் பழைய கணக்கேடு பயனுள்ள ஓர் ஒப்புநோக்காக அமைகிறது. செலவை ஏற்பவர் யார், எவருடைய பெயரில் அது இயங்குகிறது, அது மூடப்படும் நாளில் பயனரின் கையில் எஞ்சுவது என்ன ஆகிய மூன்று வினாக்களை இரண்டிடத்தும் ஒருங்கே எழுப்ப முடியும்.

உடுவிலில் இலவசக் கல்வி

பொஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அமெரிக்க வெளிநாட்டு மிசன் சங்கத்தின் ஊழியர்கள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1820இல் மைரன் வின்சுலோவும் அவருடைய மனைவி ஹரியற் வின்சுலோவும் உடுவிலில் தங்கி அங்கு ஒரு நிலையத்தை அமைத்தனர். பெண்பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதை அக்காலச் சமூகம் பெரிதும் விரும்பாதிருந்தமையால், பாடசாலைக்கு மாணவியரைச் சேர்ப்பதற்கு இலவசக் கல்வி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. உணவும் உடையும் தங்குமிடமும் வழங்கப்பட்டதோடு, படிப்பை முடித்து மிசனின் இசைவோடு மணம் புரிந்தோர்க்குச் சீதனமும் கொடுக்கப்பட்டது. 1840 முதல் 1879 வரை பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்திய எலைசா அக்னியூவின் காலத்தில், தாய் படித்த அதே வகுப்பறைக்கு மகளும் வந்து சேரும் நிலை ஏற்பட்டது என்பது அவ்வேற்பாட்டின் பயனுக்குப் போதிய சான்றாகும்.

இவற்றுக்கான செலவை ஏற்றவர்கள் உடுவிலார் அல்லர். நியூ இங்கிலாந்தின் சிற்றூர்ச் சபைகளும் அங்கிருந்த தனிப்பட்ட கொடையாளரும் ஆவர். ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற கொடையாளர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையைப் பெற்றிருந்தமையால், மிசன் பாடசாலைப் பதிவேடுகளில் அமெரிக்கப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் அருகருகே இடம்பெற்றன. பாவலர் சரித்திர தீபகத்தை எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் என்றும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை கறல் என்றும் அறியப்பட்டமை இவ்வழக்கத்தின் எச்சமாகும். கொடையாளர் தம் பணத்துக்கு ஈடாக வேறொன்றையும் கேட்கவில்லை எனினும், பெறுபவர் எந்தப் பெயரால் அழைக்கப்படவேண்டும் என்பதையும் எந்தச் சமயச் சூழலில் வளரவேண்டும் என்பதையும் தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பங்கு இருந்தது.

ஏற்பாட்டின் பெரிய பலவீனம் 1837ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டில் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து வணிகம் நலிந்தபோது, பொஸ்டனிலிருந்து அனுப்பப்பட்ட தொகை குறைக்கப்பட, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிசன் நடத்திய கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பாடசாலைகளிலோ பிள்ளைகளிலோ குறை எதுவும் காணப்படாத நிலையில், அவர்கள் அறியாத ஒரு சந்தையின் வீழ்ச்சி அவர்களின் கல்வியை நிறுத்தியது. 1855இல் இதனினும் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது: சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழுவினர், ஆங்கில உயர்கல்வி மிசன் நோக்கத்துக்குப் போதிய பயன் தரவில்லை எனக் கருதியமையால், 1823 முதல் இயங்கிவந்த வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அதில் கற்றோரும் அவர்தம் பெற்றோரும் அதன் மதிப்பை நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. பின்னர் உள்ளூர்த் தமிழரும் முன்னின்று நிதி திரட்டியதன் விளைவாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

இதே காலப்பகுதியில் மற்றொரு வழியைக் கண்டவர் ஆறுமுக நாவலர் ஆவார். வெசுலியன் மிசன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்த அவர், மிசனாரிடம் கண்ட பாடசாலை முறையையும் அச்சு முறையையும் விலக்காமல், அவற்றைச் சொந்த உடைமையாக்கிக்கொள்ளும் வழியைத் தேர்ந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அதையடுத்துச் சென்னையிலிருந்து ஓர் அச்சியந்திரத்தையும் தருவித்தார். உடுவிலை அடுத்துள்ள மருதனார்மடத்தில் 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய சைவப் பெண்கள் கல்லூரியும், சுன்னாகத்தில் நா. பொன்னையா நடத்திய திருமகள் அச்சகமும், அங்கிருந்து 1930இல் வெளிவரத் தொடங்கிய ஈழகேசரி இதழும் அவ்வழியின் தொடர்ச்சிகளே. அவ்விடுதிப் பாடசாலையிலிருந்து வளர்ந்த உடுவில் மகளிர் கல்லூரியும் காலப்போக்கில் கட்டணம், உள்ளூர்த் திருச்சபை, பழைய மாணவியர் ஆகியோரின் ஆதரவுக்கு மாறி, இன்றுவரை தனியார் பாடசாலையாக நிலைத்துள்ளது. இலவசமாகத் தொடங்கியவற்றுள் நிலைத்தவை, ஏதோ ஒரு கட்டத்தில் தமக்கென உள்ளூர் வேரை ஊன்றிக்கொண்டவை என்னும் முடிவுக்கு இவ்வரலாறு இடமளிக்கிறது.

இணையத்தில் இலவச இடம்

வலைத்தளம் ஒன்று பிறர் பார்வைக்குக் கிடைக்கவேண்டுமாயின், அதன் கோப்புகள் எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் வழங்கி எனப்படும் கணினியொன்றில் வைக்கப்படவேண்டும். அக்கணினியில் இடம் கொடுப்பதே வெப் ஹோஸ்டிங் எனப்படும் தொழில். அவ்விடத்துக்கு வழிகாட்டும் முகவரி டொமைன் எனப்படுகிறது. இடமும் முகவரியும் தனித்தனியே பெறப்படுபவை என்பதும், இடத்தை மாற்றினாலும் முகவரியைத் தன்னோடு எடுத்துச்செல்ல இயலும் என்பதும், பின்னர் கூறப்படுவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை.

இலவச இடவழங்கலைப் பெரும் தொழிலாக வளர்த்த நிறுவனங்களுள் முதன்மையானது, டேவிட் போனெற்றும் ஜோன் றெஸ்னரும் 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, பின்னர் ஜியோசிட்டீஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனமாகும். அதன் பக்கங்கள் ஹொலிவூட், சிலிக்கன் வலி, ஏதென்ஸ் முதலிய பெயர் கொண்ட 'அயல்'களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒருவர் எந்த நாட்டினராயினும், எந்த மொழியில் எழுதினாலும், அவருடைய முகவரியில் அந்த அயலின் பெயரும் ஒரு வீட்டிலக்கமும் இடம்பெற்றன; செலவை ஏற்றவர் பெயர் சூட்டும் பழைய வழக்கம் இங்கு வேறு வடிவத்தில் தோன்றியது. விளம்பரதாரரின் பணமே இங்கு கொடையாக அமைந்தது. 1999இல் யாகூ நிறுவனம் முந்நூறு கோடி டொலருக்கும் மேற்பட்ட மதிப்பில் ஜியோசிட்டீஸை வாங்கி, பயனர் எழுதியவற்றின்மீது விரிந்த உரிமையைத் தனக்கு அளிக்கும் புதிய நிபந்தனைகளை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு, அந்நிபந்தனைகளைத் திருத்தும் நிலைக்கு நிறுவனத்தைத் தள்ளியது. 2009 ஒக்டோபர் 26ஆம் நாள், சப்பானியப் பிரிவு தவிர்ந்த ஜியோசிட்டீஸ் முழுவதும் மூடப்பட்டது. சில மாதங்களுக்கு முன்பே அறிவித்தல் வந்திருந்தபோதிலும், தளங்களைக் கைவிட்டுச் சென்றவர்களுக்கும் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கும் அது எட்டியிருக்க வாய்ப்பில்லை. எஞ்சியவற்றின் பெரும்பகுதி, தன்னார்வலர் சிலர் இரவு பகலாகப் படியெடுத்தமையாலேயே இன்று கிடைக்கிறது.

குடாநாட்டின் கணக்கில் இக்காலவரிசைக்கு வேறொரு பொருள் உண்டு. ஜியோசிட்டீஸ் இலவசப் பக்கங்களை வழங்கத் தொடங்கியதும், கொழும்பில் வணிக இணையச் சேவை அறிமுகமானதுமாகிய 1995ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் நாளிலேயே, உடுவில் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் போரினால் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். 1990 முதல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரு நிலப்பரப்பில் வழங்கி வைத்து நடத்துதல் எண்ணத்துக்கும் எட்டாதது. எனவே ஈழத்தமிழரின் தொடக்ககால இணையப் பக்கங்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோரால், அவர்கள் வாழ்ந்த நாடுகளின் வழங்கிகளில் அமைக்கப்பட்டன. அவை பாமினி போன்ற தனிப்பட்ட எழுத்துருக்களில் எழுதப்பட்டிருந்தமையால், பக்கத்தைப் படியெடுத்து வைத்தவர்க்கும் அந்த எழுத்துருவின்றி அது வாசிக்க முடியாத குறிகளின் தொகுப்பாகவே காட்சியளித்தது. இடத்தின் சார்புநிலையோடு எழுத்தின் சார்புநிலையும் சேர்ந்த இரட்டைச் சிக்கல் அது.

மறுவிற்பனையும் அதன் இலவச வடிவமும்

ஒரு நிறுவனத்திடம் வழங்கியில் பெரும் இடத்தை மொத்தமாகப் பெற்று, அதனைச் சிறு துண்டுகளாக்கித் தம் பெயரில் பிறருக்கு விற்பவர் ரீசெல்லர் எனப்படும் மறுவிற்பனையாளர் ஆவார். காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் ஒரு பகுதியை மற்றொருவருக்கு உள்குத்தகைக்கு விடுவதற்கு இது ஒப்பானது. 1996இல் தோன்றிய சிபனல் என்னும் மேலாண்மைப் பலகை இத்தொழிலுக்கு முதுகெலும்பாயிற்று: வழங்கியின் உட்செயல்களை அறியாதவரும், அப்பலகையின் துணையோடு வாடிக்கையாளர் கணக்குகளைத் திறக்கவும் அளவு வரையறுக்கவும் மூடவும் முடிந்தது. ஆனால் 2019இல் அந்நிறுவனம் வழங்கிக்கு ஒரு கட்டணம் என்றிருந்த முறையைக் கைவிட்டு, கணக்குகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் அறவிடத் தொடங்கியபோது, மலிவான சிறு கணக்குகளை நம்பியிருந்த மறுவிற்பனையாளரின் இலாபம் சடுதியாகச் சுருங்கியது.

மறுவிற்பனையாளரிடமும் கட்டணம் கேட்காத திட்டங்கள் இதன் அடுத்த படியாகும். பிரித்தானியாவின் ஐஃபாஸ்ட்நெட் நிறுவனம் நடத்தும் மை ஓன் ஃபிரீ ஹோஸ்ட் என்னும் திட்டம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இன்று பலர் பயன்படுத்தும் இன்ஃபினிட்டி ஃபிரீ என்னும் இலவசச் சேவையும் இதே கட்டமைப்பின்மேல் எழுந்ததே. இத்திட்டத்தில் சேருபவர் தமக்கென ஒரு டொமைனைப் பெற்று, அதன் வழிகாட்டற் பதிவுகளை நிறுவனத்தின் வழங்கிகளை நோக்கித் திருப்புகிறார். அதன்பின் அவருடைய தளத்தில் பதிவுசெய்பவர் ஒவ்வொருவருக்கும் அந்த டொமைனின் கிளையாக ஒரு முகவரியும் வழங்கியில் ஓர் இடமும் கிடைக்கின்றன. பயனர் தம் கோப்புகளை ஏற்றும் மேலாண்மைப் பலகையில் தோன்றும் விளம்பரங்களின் வருவாய் நிறுவனத்துக்குச் செல்கிறது. பதிவுப் பக்கத்தில் தாம் இடும் விளம்பரங்களும், பயனர் கட்டணச் சேவைக்கு மாறும்போது கிடைக்கும் தரகும் மறுவிற்பனையாளரின் வருவாயாகின்றன. நாளொன்றுக்கு 50,000 கோரிக்கைகள் போன்ற வரம்புகளைத் தாண்டும் தளம் தற்காலிகமாக நிறுத்தப்படும்.

நன்மைகளின் பக்கம்

முதலீடு இன்றித் தொழிலைப் பழகும் வாய்ப்பே இத்தகைய திட்டங்களின் தலையாய நன்மையாகும். முகவரிப் பதிவுகளை அமைத்தல், தரவுத்தளம் திறத்தல், பயனரின் முறைப்பாட்டை விளங்கிக்கொள்ளுதல், விதிமீறிய கணக்கை இனங்காணுதல் முதலியன நூல்வழி கற்பதற்கு அரியவை. பிழைத்தாலும் பணம் இழக்காத ஒரு களத்தில் அவற்றைப் பழகும் மாணவர், பின்னர் கட்டணச் சேவையை நடத்துவதற்கோ அத்துறையில் வேலை பெறுவதற்கோ தகுதி அடைகிறார். மிசன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் பழகியோர் பின்னர் பிற அச்சகங்களுக்குக் கைத்திறனைக் கொண்டுசென்றது போன்ற பயன் இது.

இரண்டாவது நன்மை பணமாற்றோடு தொடர்புடையது. வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணங்கள் டொலரில் அமைபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் மே மாதமளவில் 360 ரூபாயை அண்மித்தபோது, எந்தச் சேவையும் கூடாமலே கட்டணம் இரட்டிப்பை நெருங்கியது. கடனட்டை இல்லாதோர்க்கு அதைச் செலுத்தும் வழியே அரிது. இந்நிலையில் ஒரு சனசமூக நிலையமோ பழைய மாணவர் சங்கமோ வாசிகசாலையோ தன் அறிவித்தல்களை வெளியிடுவதற்குச் செலவற்ற இடம் கிடைப்பதையும், தமிழில் பேசி உதவும் அயலவர் ஒருவர் இடையில் நிற்பதையும் குறைத்து மதிப்பிட முடியாது.

தீமைகளின் பக்கம்

முதற் குறை பொறுப்பும் அதிகாரமும் பிரிந்து கிடப்பதாகும். தளம் நின்றுபோனால் பயனர் முறையிடுவது மறுவிற்பனையாளரிடமே. வழங்கியைத் தொடும் அதிகாரம் அவரிடம் இல்லை. மூல நிறுவனமோ, கட்டணம் செலுத்தாத இடையாளின் அவசரத்துக்கு முன்னுரிமை கொடுக்கக் கடமைப்பட்டதன்று. உடுவிலின் பெற்றோருக்கும் பொஸ்டன் சங்கத்துக்கும் நடுவே நின்ற மிசன் ஊழியர்கள், தாம் எடுக்காத முடிவுகளைத் தாமே அறிவிக்க நேர்ந்த நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

இரண்டாவது குறை அயலாரின் செயலால் வருவது. ஒரே வழங்கியையும் ஒரே இணைய எண்ணையும் ஆயிரக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்வதால், அவற்றுள் ஒன்று வங்கிப் பக்கம் போல நடித்துக் கடவுச்சொற்களைத் திருடுமாயின், பாதுகாப்பு நிறுவனங்களின் தடைப்பட்டியலில் மற்றவையும் சேர்ந்து அகப்படக்கூடும். கிளை முகவரிகளை வழங்கும் மறுவிற்பனையாளரின் டொமைன் கறைபட்டால், அதன் கீழுள்ள நேர்மையான பயனர் அனைவரும் பாதிக்கப்படுவர். கட்டணமின்மை மோசடிக்காரரையும் ஈர்ப்பதால், இக்கண்காணிப்புச் சுமை இலவசச் சேவையில் கூடுதலாகவே இருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. லித்துவேனியாவின் ஹோஸ்டிங்கர் குழுமத்தைச் சேர்ந்த 000வெப்ஹோஸ்ட் என்னும் பெரிய இலவசச் சேவையிலிருந்து ஏறத்தாழ 1 கோடி 35 இலட்சம் பயனரின் விவரங்கள் திருடப்பட்டமை 2015 ஒக்டோபரில் வெளியானது. கடவுச்சொற்கள் மறையீடு செய்யப்படாமல் வெறும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தன என்பது அதில் மிகவும் அதிர்ச்சியூட்டிய செய்தி. தம் வாடிக்கையாளரின் தரவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறியவோ மாற்றவோ இயலாத மறுவிற்பனையாளர், அத்தரவுக்காக வாக்குறுதி கொடுக்கும் நிலையில் இருப்பதே இங்கு எழும் அறச்சிக்கல்.

நான்காவது, பெயரின் உடைமை. தொக்கெலாவ் தீவுகளின் .ரிகே உள்ளிட்ட ஐந்து நாட்டு முகவரிகளை ஃபிரீநொம் நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கியது. ஆனால் அவற்றின் சட்டப்படியான பதிவு உரிமையாளராக நிறுவனமே இருந்தது. பயனர்க்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே இருந்தது. 2023 தொடக்கத்தில் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் மெற்றா நிறுவனம் அதன்மீது தொடுத்த வழக்கு வெளியாயிற்று. 2024இல் ஃபிரீநொம் அத்தொழிலையே கைவிட்டது. அம்முகவரிகளின்மேல் தளம் கட்டியோரிடம் கோப்புகள் இருந்தாலும், வாசகர் அறிந்த வாயில் இல்லாமற் போயிற்று.

இறுதியாக, கொடையாளரின் வருவாய் சுருங்கும்போது கொடையும் நிற்கும். 2000ஆம் ஆண்டை அடுத்து இணைய விளம்பர வருவாய் வீழ்ந்தபோது, எக்ஸூம் முதலிய இலவச இடவழங்கல் சேவைகள் மறைந்தன. 1837இல் வங்கி முறிவு கிராமப் பாடசாலைகளுக்குச் செய்ததை, இச்சந்தை வீழ்ச்சி தனிமனிதரின் பக்கங்களுக்குச் செய்தது.

தமிழ் முயற்சிகள் கண்ட வழி

இலவசத்தின் பயனை இழக்காமல் அதன் ஆபத்தைக் குறைக்கும் வழியைத் தமிழிலேயே காணலாம். சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், காலத்துக்குக் காலம் வெவ்வேறு வழங்கிகளில் இடம்பெற்றது. எனினும் முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் நூல்களைப் படியெடுத்துப் பரப்பலாம் என்னும் அனுமதியை அது ஒவ்வொரு கோப்பிலும் வைத்தமையால், எந்தவொரு வழங்கி நின்றாலும் நூல் அழியாத நிலை உருவாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை அனுபவித்த சமூகத்தில், ஒரே இடத்தில் ஒரே பிரதி என்னும் நிலையின் ஆபத்தை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகம், வாசகரிடம் கட்டணம் அறவிடாதபோதிலும், சொந்த முகவரியையும், பின்னர் நூலக நிறுவனம் என்னும் பதிவுபெற்ற அமைப்பையும் கொண்டு, பலரது நன்கொடையில் நடைபெறுகிறது. இவ்விரு முயற்சிகளிலும் வாசகர்க்கு இலவசம். அடித்தளம் மட்டும் பிறர் கருணையில் விடப்படவில்லை.

மேற்கூறிய இரண்டு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும்போது, இலவச மறுவிற்பனைத் திட்டம் பயிற்சிக்களமாகவும் குறுகிய கால அறிவித்தற் பலகையாகவும் ஏற்கத்தக்கது என்றும், பிறரிடம் பணம் பெற்று நிலையான சேவை தருவதாக வாக்களிக்கும் தொழிலுக்கு அது அடித்தளமாகாது என்றும் கூறலாம். அதில் இறங்குபவர் தம் பெயரில் பதிவுசெய்த டொமைன் ஒன்றுக்கு, இலங்கையின் .எல்கே ஆயினும் வேறாயினும், ஆண்டுக்கட்டணம் செலுத்துவது தவிர்க்கக்கூடாத செலவாகும். ஏனெனில் இடம் பறிபோனாலும் முகவரி கையிலிருந்தால் வாசகரை மறு இடத்துக்கு அழைத்துச்செல்ல இயலும். கோப்புகளினதும் தரவுத்தளத்தினதும் பிரதியொன்றைக் குறித்த கால இடைவெளியில் தம்மிடம் எடுத்துவைப்பதும், தம் பயனரையும் அவ்வாறு செய்யத் தூண்டுவதும், சேவையின் மூல உரிமையாளர் யார் என்பதை அவர்களிடம் மறையாமல் தெரிவிப்பதும் அடுத்த கடமைகளாகும். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டபின் யாழ்ப்பாணக் கல்லூரி எழுவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. மாற்று ஏற்பாட்டை மூடுவிழாவுக்கு முன்பே தொடங்கியிருந்தால் அந்த இடைவெளி குறைந்திருக்கும் என்பதே, இலவச இடத்தில் இன்று தளம் நடத்தும் எவரும் அவ்வரலாற்றிலிருந்து பெறக்கூடிய நடைமுறைப் பாடம்.